கப்பின் அடியில் ஒட்டியிருந்தது

என் மாமனார் வக்கீல். விருத்தாசலம் கோர்ட்டில் அவரைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. அவரிடம் தோற்ற எதிர்த்தரப்புக்காரர்களே வெளியே வந்து, "அடுத்த கேஸு உங்ககிட்டதாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வக்கீலை ஊரே நேசித்தால் சந்தேகப்பட வேண்டாமா? பதினெட்டு வருஷமாக நான் ஒருவன்தான் சந்தேகப்பட்டேன். எனக்குக் காரணம் இருந்தது. குற்றவாளி நான்.

பெண் பார்க்கப் போனபோது, பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் பார்த்தது, சூளைக்குப் போகும் சாமானைப் பளபளப்பு வரும் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. அதுவும் எங்கள் கம்பெனி செய்தது பியூஸ் கட்டை. பெண் வீட்டுக்குப் பியூஸ் கட்டையா எடுத்துப் போக முடியும்? ஆறு டீ கப்பு வாங்கி, "எங்க கம்பெனி சரக்குங்க" என்று நீட்டினேன். உள்ளூரில் வாங்கினால் கடைக்காரர் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று, பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கியவை. அவ்வளவு மூளை எனக்கு.

மாமனார் அதில் டீ குடித்தார். குடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பீங்கான் செய்கிற ஊர் என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரிடமும் உள்ள பழக்கம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் அடியைப் பார்க்காமல் கப்பைக் கீழே வைக்க மாட்டோம்.

"நல்லா இருக்குது. எல்லாம் உங்க மேற்பார்வைதானா?"

"ஆமாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒரு நாள் கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணையைப் பார்த்தேன். அவர் சத்தம் போடவே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த அமைதி தாங்காமல் சாட்சி தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். பெண் பார்த்த அன்று அவர் கண்ணாடி துடைத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து அவருடைய நல்ல குணமெல்லாம் எனக்கு வலையாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாரும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. எல்லாருக்கும் மீன் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருவார். நடுத்துண்டு எனக்குத்தான் விழும். ஏன் எனக்கு? தோற்ற நாளிலும் அத்தைக்கு மல்லிகைப்பூ வாங்காமல் வர மாட்டார். ஆட்டோக்காரர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுப்பார். இத்தனை நல்லவர் எதையோ மனதில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆறு கப்பில் ஐந்து உடைந்தன. மிஞ்சிய ஒன்றை, நான் போகிற நாளில் மட்டும் வெளியே எடுத்து அவர் அதில் டீ குடிப்பார். சாட்சியத்தைப் பத்திரப்படுத்துகிறார்.

"கம்பெனி எப்புடிப் போவுது மாப்ள?" என்பார். கண்ணாடி கழன்றுவிடும். எனக்கு வியர்க்கும்.

ஆறாவது வருஷம் நிஜமாகவே சூப்பர்வைசர் ஆனேன். யாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியவில்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், சட்டப் புத்தகங்களை அவருடைய ஜூனியருக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேசினார்கள். ஆபீஸ் அறையை ஒழுங்கு செய்ய நானே முன்வந்தேன். தங்கமான மருமகன் என்று அத்தை கண்கலங்கினார். மாமனார் எல்லாரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைப்பவர். என்னைப் பற்றி ஏதாவது இருந்தால் அது என் மனைவி கையில் கிடைக்கக் கூடாது. என் கவலை அதுதான்.

வாசலோரம் மாமனாரின் பழைய குமாஸ்தா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கேஸ் கட்டைத் தேடுறீங்க மாப்ள?"

"சும்மா அடுக்குறேங்க."

"உங்க கட்டு மூணாவது தட்டுல இருக்குது."

கேஸ் கட்டுபோலவே நாடா போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே எங்கள் கல்யாணப் பத்திரிகை மட்டும். அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. பாண்டிச்சேரிக் கடையின் சீட்டு. ஆறு கப்பில் ஒன்றின் அடியிலிருந்து நான் கிழிக்க மறந்தது.

"உங்களப் பத்தி விசாரிச்சிட்டு வரச் சொல்லி என்னயத்தான் அனுப்புனாரு" என்றார் குமாஸ்தா. "உங்க கம்பெனி வாசல்ல பியூஸ் கட்டயாக் கொட்டிக் கெடந்துச்சு. வந்து சொன்னேன். இந்தச் சீட்டக் காட்டிச் சிரிக்கிறாரு. 'இதக் கூடக் கிழிக்கத் தெரியலய்யா இவனுக்கு. எம் பொண்ணுகிட்ட ஒண்ணத்தயும் மறைக்க மாட்டான். கோயில்ல கல்யாண ஓல வாசிக்கச் சொல்லு'ன்னாரு."

பதினெட்டு வருஷமாக என்னைத் துருவுகிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டு, சும்மா கண்ணாடி துடைத்திருக்கிறார். அழுகை வந்தது. அதற்குள் அடுத்த சந்தேகமும் வந்தது.

"பொண்ணுகிட்ட சொன்னாராங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அவர் போன வழியில் மனைவி டீயோடு வந்தாள். அதே கப்பு. என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள். டீயை மேஜையில் வைத்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் பொய், பியூஸ் கட்டை, பாண்டி பஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பீங்கான் ஊர்லேர்ந்து பாண்டிக்குப் போயா கப்பு வாங்குனீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

டீயைக் குடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் கப்பைக் கவிழ்த்தேன். பசை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறுப்பு. இத்தனை வருஷம் நாங்கள் வந்த நாளிலெல்லாம் அதைக் கழுவியவள் அவள்தான். முன்பே தெரியுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கண்ணாடியைக் கழற்றுவாள். சொல்வதற்கு என்னிடம் இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன.