சங்ககிரிப் பாதையில் எனக்கு முன்னால் ஓடியவள்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிணத்தை அறுத்துப் பார்த்து வைத்தியம் படித்தவன். ஈரலும் குடலும் எங்கே இருக்கின்றன என்று கையால் தொட்டுப் பார்த்தாயிற்று, ஆவி மட்டும் எங்கேயும் தட்டுப்படவில்லையே என்று நானே எத்தனையோ பேரிடம் கேலி பேசியிருக்கிறேன். நீங்கள் இப்போது உதட்டோரம் சிரிக்கிறீர்களே, அதே மாதிரிதான் நானும் சிரிப்பேன். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. நான் மதராஸில் மெடிக்கல் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரத்துப் பக்கத்தில் கடலைக்காடும் சோளக்காடும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது, எங்கள் வம்சத்தில் சேலத்தைத் தாண்டிப் படிக்கப்போனவன் நான் ஒருவன்தான். போய்ச் சேர்ந்தேனே தவிர, முதல் வருஷம் பிணம் அறுக்கிற கூடத்தில் நிற்கவே முடியவில்லை. அந்த மருந்து வாடை சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, ராத்திரி தலையணையிலும் இருக்கும். தூக்கம் வராது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடலாமா என்று தினமும் நினைப்பேன். அப்போது என்னைக் காப்பாற்றியது ஓட்டம். விடியற்காலையில் மைதானத்தில் இறங்கி ஓடினால் அந்த வாடை நெஞ்சைவிட்டுப் போகும். ஓடி முடித்தபிறகு மட்டும்தான் புத்தகத்தில் மனம் நிற்கும். ஓட ஓட, மைல் ஓட்டத்தில் காலேஜிலேயே என்னை முந்த ஆளில்லை என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு குறை, ஓடும்போது இடது முழங்கை வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். எங்கள் பயிற்சிக்காரர் அதற்காக என்னைத் திட்டாத நாளில்லை.

அந்த வருஷம் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது காலரா வந்துவிட்டது. முதல் மழை பெய்து கிணறெல்லாம் கலங்கியிருந்த சமயம். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர், ஆத்தூர்ப் பக்கத்து மனிதர், ஒற்றை ஆளாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். நானும் அவரோடு ஒட்டிக்கொண்டேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான், பெரிய தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். நரம்பில் ஏற்றுகிற உப்பு மருந்து தீர்ந்துபோனது. புதிதாக அனுப்பியது சங்ககிரி ஸ்டேஷனுக்கு ரயிலில் வருகிறது என்று தகவல் வந்ததும், டாக்டர் என்னைத்தான் அனுப்பினார்.

"தம்பி, நான் இந்த ஊரை விட்டு நகர முடியாது. நீ போய் வாங்கிட்டு வா. இருட்டறதுக்குள்ள வந்தா நாலு உசுரு தங்கும்" என்றார்.

அவர் இருந்தது எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போனேன். ரயில் தாமதம். பார்சல் கைக்கு வந்து வண்டியேறலாம் என்று பார்த்தால், ஒரு மாடு காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் அடித்துப் பார்த்தார், வாலை முறுக்கிப் பார்த்தார், கடைசியில் அதன் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிக்க மாட்டேங்குதுங்க சாமி. நானு என்னங்க பண்ணட்டு?"

மழைச் சேற்றில் சைக்கிளும் போகாது. மருந்து அடைத்த கண்ணாடிக் குழல்களை வைக்கோலோடு சேர்த்துத் துண்டில் சுற்றி முதுகில் இறுக்கிக் கட்டினேன். செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

மைதானத்து மைல் வேறு, சேற்றுப் பாதை வேறு என்பது கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிட்டது. செம்மண் காலைப் பிடித்து இழுக்கிறது. சங்ககிரி மலை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எவ்வளவு ஓடினாலும் திரும்பிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. காட்டில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் காலராவுக்குப் பயந்து வீட்டுக்குள். பாதி வழி தாண்டியதும் விலாவில் கத்தி சொருகின மாதிரி வலி. ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். மூச்சு வரவில்லை. பொழுது இறங்குகிறது. இனி ஒரு அடி என்னால் ஆகாது, நடந்தே போகலாம், போய்ச் சேர்வதற்குள் யார் இருக்கிறார்களோ இல்லையோ என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன்.

முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். சீலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, வெறுங்கால். காட்டு வேலைக்குப் போகிற பெண் என்று பார்த்தாலே தெரியும். ஏதோ ஆபத்து, உதவி தேடி ஓடுகிறாள் என்று நினைத்து, "ஏனுங்க, நில்லுங்க!" என்று கத்தினேன். நிற்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். சொன்னால் வெட்கம், முதலில் அவள் பின்னால் ஓடியது மருந்துக்காக இல்லை, நம்மை ஒருத்தி முந்திப் போகிறாளே என்ற ரோஷத்தில்தான். வேகத்தைக் கூட்டினேன், அவளும் கூட்டினாள். நான் குறைத்தால் அவளும் குறைத்தாள். நடுவில் இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் கால் சேற்றில் சளக் சளக்கென்று விழுகிறது, அவள் கால் விழுகிற சத்தமே கேட்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், அவளுடைய இடது முழங்கை வெளியே பிதுங்கி நின்றது. தோள், தலை சாய்ப்பு, கை வீச்சு, எல்லாம் என்னுடையது. என் ஓட்டத்தை முதுகுப்புறமிருந்து நான் பார்த்ததில்லைதான், ஆனால் அது என் ஓட்டம் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நின்றுவிடலாம் என்றால் கால் நிற்கவில்லை. விலா வலி எப்போது போயிற்று என்று தெரியாது. மூச்சு வாங்கவே இல்லை, எனக்காக வேறு யாரோ மூச்சு விடுகிற மாதிரி அவ்வளவு லேசாக இருந்தது.

ஊர் எல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது, முகம் நன்றாகத் தெரிந்தது. கண் குழிக்குள் போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, உதடு நீலம். அந்த முகத்தை நான் அந்த வாரம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். காலராவில் நாடி விழுந்தவர்களின் முகம். அப்படி ஆனவர்களால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது.

"வாங்க சாமி, வெரசா" என்றாள். காற்று மட்டும் வருகிற குரல். சந்துக்குள் திரும்பினாள். நான் திரும்பியபோது சந்தில் யாரும் இல்லை, ஒரு குடிசை வாசலில் டாக்டரின் பெட்டி மட்டும் இருந்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள்தான் கிடந்தாள். டாக்டர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாடி எப்பவோ நின்னு போச்சு தம்பி, நெஞ்சுல மட்டும் ஏதோ ஓடிக்கிட்டிருக்கு. கொண்டா, கொண்டா!"

நான் வாசற்படியிலேயே நின்றேன். சுவரோரம் அவள் புருஷன் செங்கோடன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவங்க இப்ப வெளிய வந்தாங்களா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். "எங்கீங்க வருவா? மத்தியானத்துல இருந்து அசையவே இல்லீங்களே சாமி. ஊட்ட உட்டு நானும் நவுரலீங்க."

டாக்டர் போட்ட சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. மருந்தைக் கரைத்துக் கொடுத்தேன், அவர் நரம்பைக் கீறிக் குழாயைச் செருகினார். உப்பு நீர் இறங்க இறங்க நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல் மாதிரி குளிர்ந்திருந்த கை. கடைசியில் என் விரலுக்கடியில் ஏதோ ஒன்று தட்டியது. அப்புறம் இன்னொன்று. "வந்திருச்சு" என்று கத்தினேன், செங்கோடன் குழந்தையோடு ஓவென்று அழுதுவிட்டான். அந்தக் கணமே எனக்கு நெஞ்சு தறிகெட்டு அடிக்க ஆரம்பித்து, அப்படியே தரையில் சாய்ந்துவிட்டேன். களைப்பு என்றார் டாக்டர். நானும் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். பாவாயி என்று பெயர். அந்த மருந்தால் அன்று இன்னும் சிலரும் பிழைத்தார்கள். நான் காலேஜுக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் பிணக் கூடத்து வாடை என்னை ஒன்றும் செய்யவில்லை, படிப்பை முடித்து டாக்டராகவும் ஆனேன். ஆனால் ஓட்டம் போய்விட்டது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மூச்சு முட்டும். பெரிய டாக்டர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக் குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

நன்றாகப் பழகிய ஓட்டக்காரனுக்கு நாடி நிதானமாக அடிக்கும், சாதாரண ஆளைவிட மெதுவாக, அழுத்தமாக. எனக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அந்த நாடி எனக்குத் திரும்பவே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து நான் ஊருக்கே டாக்டராக வந்தபோது, பாவாயி பேரனுக்கு மருந்து வாங்க வந்தாள். தலையில் விறகுக் கட்டோடு மேட்டில் ஏறி வந்திருந்தாள், மூச்சு வாங்கவில்லை. சும்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நிதானமாக, அழுத்தமாக அடித்தது.

அந்தப் பாதையில் பார்த்ததை அவளிடம் மட்டுமல்ல, அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் தன் கையை உருவிக்கொண்டு, எழுத்து வாசனை இல்லாத அந்த மனுஷி, வைத்தியன் பிடிக்கிற மாதிரியே என் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, இரவல் வாங்கினவர்கள் தவணை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னுங் கொஞ்ச காலம் எங்கிட்டவே இருக்கட்டுங்க சாமி."