ரோட்டுக்கு எதிர்ப்புறக் குடோன்

நீலாம்பூரில் இருந்த அந்த நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் மதிவதனி ஒருத்திதான். பஞ்சு குடோன் அவினாசி ரோட்டுக்கு எதிர்ப்புறம். ரோட்டைத் தோண்டி, இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் கேபிள் பதிக்க இரண்டு வருஷமாக அனுமதி கிடைக்கவில்லை. பேல் என்கிற பஞ்சுப் பொதிகளின் இருப்புச் சீட்டோடு தினமும் ஐந்தாறு தடவை அவளே லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்தாள். முப்பத்தாறு வயதிலேயே முழங்கால் வலி வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதில், கம்பியில்லாமல் இணைக்கும் கார்டுகள் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தாள். இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அவள் போட்டிருந்தது விண்டோஸ் அல்ல, இலவசமாகக் கிடைத்த லினக்ஸ். எந்தக் கார்டு அதில் ஓடும் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் குழுவில் கேட்டாள். பின்லாந்திலிருந்து யாரோ ஒரு கார்டின் பெயரைச் சொல்லிப் பதில் போட்டார். அந்தப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி முதலாளி சென்னகிருஷ்ணனிடம் கொடுத்தாள். பெங்களூரிலிருந்து வந்ததோ வேறு மாடல். இதுதான் புதுசு என்று கடைக்காரர் தலையில் கட்டியிருந்தார்.

மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். கார்டில் விளக்கு எரிந்தது. லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் முதலாளியின் அறைக்குப் போனாள்.

"இந்தக் கார்டை லினக்ஸுக்குப் புரிய வெக்கிற டிரைவர் புரோகிராமே இன்னும் யாரும் எழுதலீங்க. மாத்தித்தான் ஆகோணுமுங்க."

"ஏனுங்க அம்மணி, பேசாம விண்டோஸையே போட்டுப்போட்டா என்னுங்க?" என்றார் அவர்.

இருப்பு புரோகிராம் முழுக்க லினக்ஸில் அவள் எழுதியது. மூன்று வருஷ உழைப்பு.

"போடலாமுங்க. அதுக்கு வேற ஆளைப் பாத்துக்கோணுமுங்க."

கோபத்தில் சொல்லவில்லை. அலுப்பில் வந்துவிட்டது.  முதலாளி போனை எடுத்து, பெங்களூர்க் கடைக்காரரிடம் கார்டுகளை மாற்றித் தரச் சொன்னார்.

சரியான கார்டு வந்தும் வேலை சுலபமாக முடியவில்லை. பழைய மெஷினில் லினக்ஸின் மையமான கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்யவே ஒரு மதியம் போனது. புதுக் கார்டு, மெஷினில் ஏற்கெனவே இருந்த சவுண்டு கார்டோடு மோதியது. சவுண்டு கார்டைக் கழற்றிப் போட்டாள். ரோட்டோரம் லாரி நின்றால் சிக்னல் அறுந்தது. இரண்டு கட்டடத்து மொட்டை மாடியிலும் குழாய் நட்டு ஆன்டெனாவை உயர்த்தினார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, குடோன் கிளார்க் செங்கோட்டையன் அங்கே தட்டிய பேல் எண் இவள் திரையில் வந்து நின்றது. துள்ளிக் குதிக்கத் தோன்றும் என்று நினைத்திருந்தாள். நாற்காலியை விட்டு எழவே தோன்றவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. பவானியில் இருக்கும் கிளையையும் இதே மாதிரி சேர்த்துவிடலாமா என்று கேட்டார்.

"அது நூறு கிலோமீட்டருங்க," என்றாள். "திங்கக்கிழமை பேசலாமுங்க."

வீட்டுக்குப் போக ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள், பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். கடைசி நிறுத்தமான காந்திபுரத்தில் கண்டக்டர் எழுப்பினார்.