வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளி, அரியூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். மலை என்று சொல்ல ஒரு மண்மேடுகூடக் கிடையாது. ஆனால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னால் போதும், இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரமாக ஒரு தென்னை. வகுப்பு முழுக்க மலைத்தொடர் ஓடும்.

எங்கள் தலைமையாசிரியை நல்லவர்; கணக்குப் பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், ஓவிய வகுப்புக்குள் வந்தவர், தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே மலைதானே டீச்சர், இதுக்கு எதுக்கு ஒரு பீரியட்?” என்றார். அதை வாய்ப்பாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவும் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக வேறு இருந்ததால் இரட்டிப்பாக வந்தது. ஒரே ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்குத் தடை போட்டேன். காலையில் உங்கள் வீட்டில் கண்ணால் பார்த்ததை வரையுங்கள் என்றதும் வகுப்பே திருதிருவென்று விழித்தது. “வூட்ல இன்னா டீச்சர் இருக்கு?” என்று ஒருத்தன் கேட்டான். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று அவனை உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பென்சில்கள் ஓடத் தொடங்கின. தண்ணீர் கேன், ஸ்டாண்டு உடைந்த பைக், வாஷிங் மெஷின் மேல் ஒரு கோழி. தலைமையாசிரியை வந்து, கோழிக்கு அங்கே என்ன வேலை என்று விசாரித்தார். அதன் மேல்தான் முட்டையிடுமாம். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜன்னலோரம் இருந்தவளின் தாளில் ஒரு போர்வையும், அதற்கு வெளியே நீட்டிய இரண்டு பாதங்களும் மட்டும். நகம், வெடிப்பு, செருப்பு வார் பதிந்த தடம், எதையும் விடவில்லை. யார் என்று கேட்டதற்கு அப்பா என்றாள். முகம் எங்கே என்றார் தலைமையாசிரியை.

“மூஞ்ச மூடிக்கினு தூங்குவாரு டீச்சர். நைட் ஷிப்டு. நான் டியூஷன் முடிச்சிட்டு வூட்டுக்குப் போவசொல்ல கம்பெனி பஸ் ஏறிடுவாரு. ஞாயித்துக்கிழமையும் ஓ.டி.”

திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. குறையாக அவள் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தலைமையாசிரியை பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். போகும்போது, பீரியட் உங்களிடமே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஓர் ஆட்டம் போடலாம் போலிருந்தது.

அவள் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், கம்பெனி சட்டையோடு ஒருவர் வாசலில் கூச்சமாக நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, பாப்பா வரச் சொன்னாள் என்றார். சின்ன பெஞ்சில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தவருக்கு, உட்கார்ந்ததுமே கண் சொருகியது.

“அப்பா, தூங்காம இரு,” என்று அதட்டிவிட்டுத் தாளும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளி விடும் மணியடிக்கப் போன ஆயாவைத் தலைமையாசிரியையே கைகாட்டி நிறுத்தினார். அவள் அப்போதுதான் மூக்கை முடித்துக் கண்ணுக்கு வந்திருந்தாள்.