பாய் எழுதிய பதினாலாவது வார்த்தை

மதுரையில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு கொடைக்கானலில் டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் அதிகம். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்கிற எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கனத்தை ஊருக்குக் காட்ட ஒரு மேடை தேடிக்கொண்டிருந்தேன். பஜார் மாடியில் இருந்த வாசகசாலைக்காரர்கள் அதை அமைத்துக் கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். சீசனுக்கு வருகிறவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து மே மாதத்தில் ஒரு சொற்போட்டி வைத்தார்கள். நடுவர் நான். சி, கே, இ, டி என்று நான்கு எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இந்த நான்கும் எந்த வரிசையிலாவது உள்ளே வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்குப் பெரிய இங்கிலீஷ் அகராதி பரிசு.

சுலபமான எழுத்துகள்தான். பாக்கெட், டிக்கெட், பக்கெட் என்று பாதி வார்த்தைகள் நம் வீடுகளிலேயே புழங்குகின்றன. இருந்தும் ஊர்க்காரர்கள் கூச்சப்பட்டார்கள். எழுதிக் கொடுத்த ஆறேழு பேரில் பஜார்க்காரர் ஒருவர்தான். மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருந்த பாய்.

என் ஜாக்கெட்டுகளையும் அவர்தான் தைத்தார். பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரப் பெண்களுக்கு இருபது வருஷம் கவுன் தைத்தவர். அவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன தையல் புத்தகங்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. படத்தைப் பார்த்தே துணியை வெட்டிவிடுவார். பக்கத்தில் அச்சாகியிருப்பதுதான் பாதி புரியாது. அகராதி கிடைத்தால் வரி வரியாகப் படித்துவிடலாம் என்று, என் அளவு ஜாக்கெட்டை வாங்கி வைக்கும்போது சொன்னார். அகராதியை வைக்க மெஷினுக்கு மேலே ஒரு பலகைகூட அடித்திருந்தார்.

முடிவு சொல்லும் நாளன்று பார்த்தால் பாய் பதினாலு வார்த்தைகள் எழுதியிருந்தார். மதராஸிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கல்லூரி மாணவி பதின்மூன்று. பாயின் தாளில் கிச்சன் இருந்தது, நெக்டை இருந்தது. இரண்டும் எனக்கே தோன்றாதவை. பாராட்ட வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு கடைசி வார்த்தைக்கு வந்தேன். பிளாக்கெட். கேள்விப்பட்டதே இல்லை. ஜாக்கெட்டில் முன்னெழுத்தை மாற்றிப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

“இப்படி ஒரு வார்த்தையே கிடையாது, பாய்” என்றேன்.

“இருக்குங்க டீச்சர். பட்டன் வைக்கிற பட்டிக்கு தொரசானிக அப்பிடித்தான் சொல்லுவாக. தெனமும் அதைத்தானங்க தைக்கிறேன்.”

“நீங்க தைக்கிறதெல்லாம் இங்கிலீஷ் ஆயிடுமா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வண்ணக் காகிதம் சுற்றி நாடா கட்டிய அகராதி என் கைக்கு எட்டும் தூரத்தில் மேஜைமேல் இருந்தது. நாடாவை அவிழ்த்து ஒரு நிமிஷம் புரட்டியிருக்கலாம். ஒரு தையல்காரரின் பேச்சுக்காக அதைக் கலைப்பானேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மழுப்பி எழுத விரும்பவில்லை. அந்த வார்த்தையை அடித்தேன். இரண்டு பேரும் சமமானார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று காரணம் சொல்லி மாணவிக்குப் பரிசைக் கொடுத்தேன். பாயும் கைதட்டினார்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் பார்த்தேன். இருந்தது. உடையில் திறப்புக்காக வைக்கும் பட்டி என்று பொருளும் போட்டிருந்தது. நான் நாள் தவறாமல் உடுத்துகிற ஒன்றின் பெயர், எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகம் சுட்டது. மாணவி ஊரைவிட்டுக் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. வாசகசாலைக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னால் போதும். புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் பஸ் ஏறும்வரை பஜார் பக்கமே தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகும் போகவில்லை. நாயுடுபுரத்தில் வேறொருவரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். கையைத் தூக்கினால் அக்குள் பிடித்தது. எனக்கு நன்றாக வேண்டும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் வாசகசாலை மாடிப்படியை நோக்கி ஓடினேன். பாய் கூப்பிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மெஷினுக்கு மேலே அந்தப் பலகை அப்படியே இருந்தது. அதில் நூல்கண்டுகளை அடுக்கியிருந்தார். கையிலிருந்த துணியைத் தைத்து முடித்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

“அன்னைக்கு நாலு பேருக்கு முன்னாடி உங்களை எதுத்துப் பேசிட்டேன் டீச்சர். அதான் நீங்க வாறதில்லை போலன்னு வீட்டுலயும் சொல்லிக்கிட்டிருந்தேன். படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். இத்தனை வருசமா தப்பாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இப்ப அந்த வார்த்தையை வாயில எடுக்கிறதே இல்லைங்க.”

அது சரியான வார்த்தைதான் பாய் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடையில் வேறு ஆளும் இல்லை. மழையும் விடுவதாக இல்லை.

“பரவாயில்லை பாய்” என்றேன்.

அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. பழையபடி தைக்க அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிடச் சொன்னார். மழை விடும்வரை, அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.