ஞாயிற்றுக்கிழமைச் சாலை

என் அக்கா புருஷனை யாராவது நல்ல மனுஷன் என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஊர் வம்புக்குப் போக மாட்டார். வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக வேலைக்குப் போவார். ஏழாவது நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு காணாமல் போவார். அந்த ஏழாவது நாளைக் கல்யாணமானதிலிருந்து என் அக்கா தனியாகத்தான் கழித்தாள்.

அத்தானுக்கு வேலை தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில். பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தகட்டின் மேல் இறங்கும்போது காலடியில் தரை குதிக்கும். உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். கட்டை விரலை உதட்டில் வைத்தால் டீ வந்துவிட்டது. வயிற்றைத் தடவினால் போர்மேன் வருகிறார், ஏனென்றால் அவருடைய தொப்பை அவருக்கு முன்னால் வந்துவிடும். இந்தப் பழக்கம் அத்தானுக்கு வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டது. சோறு போதும் என்பதற்குக்கூடக் கையைத்தான் ஆட்டுவார்.

"இந்த வீட்டுல பேச்சுக்குமா பஞ்சம்?" என்று அக்கா கத்துவாள். அவர் சிரித்துவிட்டு எழுந்து போவார். நல்லவேளை, அவள் முன் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார்கள். பாதிப் பேர் தைக்க எதுவும் கொண்டு வரவே மாட்டார்கள். அக்கா உயிரோடு இருந்தது அந்த அறையில்தான்.

அத்தான் உயிரோடு இருந்தது காட்டுப் பாதைகளில். அவரைப் போலவே ஞாயிறு மட்டும் விடுமுறை கிடைக்கிற ஒரு கூட்டம் அவரோடு சேர்ந்துகொண்டது. எலக்ட்ரீஷியன், கம்பவுண்டர், இரண்டு குமாஸ்தாக்கள். காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் சத்தமில்லாத பாதைகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அத்தான் பொறுப்பு. அதனால் அவருக்கு 'ரூட்டு அண்ணன்' என்று பெயர்.

பாதையைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. புதுச் சாலை ஒன்று கண்ணில் பட்டால் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மெதுவாகச் சாப்பிடுவார். டப்பாவை மூடுவதற்குள் ஒரு மோட்டார் வண்டி போனாலும் அந்தச் சாலை தள்ளுபடி. பட்டறையில் வெறும் மூடி அடிக்கிறவருக்கு இதில் மட்டும் நீதிபதியின் கறார்!

அந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கியது ஒரு பள்ளத்தாக்குச் சாலை. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் ஆறு. மேலே ஏறி ஏறிப் போனால் பூட்டிய இரும்புக் கேட். மூடிப்போன கல் குவாரி என்றார் அத்தான். அதற்குப் பக்கத்தில் இருந்த மரங்களுக்கு வெள்ளை இலை. "அது ஒரு அதிசய ஜாதி. மழை பெஞ்சா பச்சையாயிரும், வெயில் அடிச்சா வெளுத்துரும்" என்று அத்தான் விளக்க, கம்பவுண்டர் தலையாட்டுவார். எத்தனையோ ஞாயிறு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு மொபெட்கூடப் போனதில்லை.

பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தச் சாலையில்தான் வீடு வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கா கெஞ்சினாள்.

"அங்க யாருங்க தைக்க வருவாங்க? நான் யார்கூடப் பேசுறது?"

"நான் இருக்கேன்ல? உனக்கும் ஒரு சைக்கிள் வாங்குறேன். இனிமே தினமும் ரெண்டு பேரும் சேந்தே போகலாம். எல்லா நாளும் நமக்கு ஞாயித்துக்கிழமைதான்."

கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அக்கா அதிலேயே விழுந்துவிட்டாள். தையல் மெஷினைப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தாள். டவுன் வீட்டை விற்றுவிட்டுப் புது வீட்டைப் பார்க்கப் போனார்கள். அதை விற்றவர் மகா தங்கமானவர். "ஞாயித்துக்கிழமையே வாங்க, நிதானமா சுத்திப் பாக்கலாம்" என்று அவராகவே சொன்னாராம்.

குடி போனதும் ஒரு ஞாயிறுதான். பெட்டிகளை இறக்க நானும் கூடப் போயிருந்தேன். சாயங்காலம் அத்தான் புது சைக்கிளை வெளியே உருட்டி வந்தார். டவுனில் வண்டிகளுக்குப் பயந்து சைக்கிளைத் தொடாத அக்கா அன்றைக்கு ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆற்று வளைவு வரைக்கும் தள்ளாடிப் போய், அவர் கையை விட்டது தெரியாமலே திரும்பி வந்தாள். "டேய், பாத்தியாடா! பாத்தியாடா!" என்று குழந்தை மாதிரி கத்தினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷக் கோபத்தையும் மறந்து அப்போது அத்தானை மன்னித்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

திங்கட்கிழமை விடியும்போது, இரவு அங்கேயே தங்கிய நான் படுத்திருந்த கட்டில் ஆடியது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கல் ஏற்றிய லாரி. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று. புழுதி அடங்கவில்லை, அதற்குள் மூன்றாவது. அத்தான் பேயறைந்தவர் மாதிரி வாசலில் நின்றார். பிறகு செருப்புகூடப் போடாமல் மேலே நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். இரும்புக் கேட் அகலத் திறந்து கிடந்தது.

"இந்தக் குவாரியை எப்ப திறந்தாங்க?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"எப்ப சார் மூடுனாங்க? ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு."

பக்கத்து மரத்தின் இலை ஒன்றை விரலால் துடைத்தேன். அழகான பச்சை. அத்தானிடம் காட்டினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வெளியே வந்த மனுஷனுக்கு, தான் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாலைகள் என்று தோன்றவே இல்லை. கூட்டத்தில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை? அவர்களும் அவரைப் போலத்தானே.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள். காலை வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் போகலாம் என்று ஆசையாக சைக்கிளை எடுத்திருக்கிறாள். லாரிக்காரன் ஹாரன் அடித்ததில் சாய்ந்துவிட்டாள். அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த சைக்கிளைத் தொடவில்லை.

அத்தான் "சீக்கிரம் மூடிருவாங்க" என்றார். மூடவில்லை. வாரத்தில் ஆறு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே அடைந்து கிடந்தார்கள். வெளியே லாரி போகும்போது பேசினால் கேட்காது. அதனால் அக்காவும் கைஜாடைக்கு மாறிவிட்டாள். வேண்டும், போதும், விளக்கை அணை.

சைக்கிள் கூட்டத்திடம் அத்தான் மூச்சு விடவில்லை. ரூட்டு அண்ணன் ஏமாந்துபோனார் என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் படிந்த புழுதியை எல்லாம் துடைத்து வைப்பாள். மறுநாள் கூட்டம் வந்து இறங்கும். "நீங்க குடுத்து வெச்சவரு அண்ணே" என்பார்கள். அவரும் ஜமீன்தார் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். எலக்ட்ரீஷியன் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கலகலவென்று பேசுகிற பெண். வந்த ஐந்தாவது நிமிஷத்தில் அக்காவோடு சமையலறையில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் எலக்ட்ரீஷியனுக்கு ஆசை வந்துவிட்டது.

"தாராளமா வாங்க" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். அக்காவிடம் திரும்பினாள். "இங்க எப்பவும் இப்படித்தான் அமைதியா இருக்குமா அக்கா?"

அக்காவாவது உண்மையைச் சொல்வாள் என்று நம்பினேன்.

"எப்பவும் இப்படித்தாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சந்தோஷமாக வெளியே ஓடினாள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா பொய் சொன்ன? அவர்தான் கௌரவம் பாக்குறாரு, உனக்கு என்ன வந்துச்சு? நான் போய்ச் சொல்லப் போறேன்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொன்னா அவ வர மாட்டாடா."

"வரக் கூடாதுன்னுதானே சொல்றேன்!"

"நீ சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவ" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நான் நாளைக்கு யார்கூடடா பேசுறது?"

வெளியிலிருந்து அந்தப் பெண் "அக்கா!" என்று கூப்பிட்டாள். அக்கா முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனாள். "ஜன்னலைத் திறந்து வெச்சா ஆத்துக் காத்து அப்படியே உள்ள வரும்மா" என்று சொல்லிக்கொண்டே, அவளுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டக் கூட்டிப் போனாள்.