இரட்டைக் கொம்பு நோண்டி

யாரும் நம்பாதபோது என் தங்கை ஜெயித்தவை இவை. எட்டாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் தடவையில். ஸ்கூட்டர் உரிமம், தேர்வு அதிகாரியின் காலணி மேல் சக்கரத்தை ஏற்றிய பிறகும். மாமியாரின் மிக்ஸி, கடைக்காரர்கள் கைவிட்ட பின். கடைசியாக, அவள் வேலை பார்க்கும் ரப்பர் முத்திரைக் கடையின் கணினி மேசை. முதல் மூன்றும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான்காவதை ஒழுங்காகச் சொல்ல ஆள் இல்லாததால் அண்ணனாகிய நான் எழுதுகிறேன்.

வீட்டில் அவளை நோண்டி என்போம். எது கையில் கிடைத்தாலும் பின்பக்கத் திருகைக் கழற்றிப் பார்ப்பாள். எழுதும்போது இரட்டைக் கொம்பு போட வேண்டும். ஒற்றைக் கொம்பு போட்டால் காலில் குறை சொன்னதாகிவிடும். அவள் காலில் ஒரு குறையும் இல்லை.

கடையில் அவள் வேலை ரப்பரை வெட்டுவது, மரக்கைப்பிடியில் ஒட்டுவது, மை தொட்டுக் குத்திப் பார்ப்பது. எழுத்துகளைக் கணினியில் அடித்துக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன லேப்டாப்பை முடுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றி முடிந்த நாட்களில், சாப்பாட்டு நேரத்தில், நோண்டி அதில் தமிழ்த் தட்டச்சு பழகினாள். அந்த மேசை மேல் அவளுக்கு நெடுநாளாக ஒரு கண். முதலாளியோ எழுத்து வேலையை வெளியே கொடுத்துவிட்டு மேசையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

“திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க முதலாளி. இது ஓடுச்சுன்னா மேசை எனக்கு.”

“செத்ததுக்கு வைத்தியமா? எடுத்துட்டுப் போ. ஓடலேன்னா அப்புறம் பேச்சே கிடையாது.”

இன்டர்நெட் சென்டர்காரர் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். அதில் இருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் மிக லேசான வகை. பழைய கணினிகளுக்காகவே செய்தது. பழைய விண்டோஸ், வீடு நிறையச் சாமானோடு வந்தது என்றால், இது ஒரு பாய், ஒரு தலையணையோடு குடிவரும் வாடகைக்காரர். அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். நோண்டியைப் பிடித்துக்கொண்டது அதுதான். திருகே இல்லாத பொருளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் வேலை நடந்தது. முதலில் கடையின் முத்திரை மாதிரிகளை வேறொரு பென் டிரைவில் பத்திரப்படுத்தினாள். பிறகு பழையதை அழித்துப் புதியதை ஏற்றினாள். என்ன மொழி என்று கேட்டது, தமிழ் என்றாள். என்ன விசைப்பலகை என்று கேட்டது, தமிழ் என்றாள். பெயரை ஆங்கிலத்தில் கேட்டது, கொடுத்தாள். கடவுச்சொல் கேட்டது, நோண்டி என்று இரட்டைக் கொம்போடு அடித்தாள். திரையில் வெறும் புள்ளிகள் விழுந்தன.

அணைத்துப் போட்டபோது, என் மனைவி அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் சுடுவதற்குள் லேப்டாப் எழுந்து நின்று பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அடித்தாள். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தாள். மறுபடியும் தவறு.

“ஒத்தைக் கொம்பு போட்டிருப்பே,” என்றாள் என் மனைவி. “வீட்டைக் கட்டி, சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டா நம்ம நாத்தனார்.”

முதலிலிருந்து ஏற்றிவிடு, வேலை முடிந்தது என்று நான் யோசனை சொன்னேன். அவள் கேட்கவில்லை.

“ஏன் திறக்கலேன்னு தெரியாம மறுபடி போட்டா, மறுபடியும் பூட்டிக்கும்ணா.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை காலை பூட்டியது பூட்டியபடியே கடைக்குக் கொண்டுபோனாள். துணைக்கு நானும் போனேன். முதலாளி வெளிக்கடைக்குப் பேசுவதற்காகக் கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவசரத்தில் நோண்டி கடவுச்சொல்லைப் பெயர்ப் பெட்டியில் அடித்துவிட்டாள். அந்தப் பெட்டி எதையும் புள்ளியாக்கி மறைக்காது. திரையில் ஓர் அரைப்புள்ளியும் அதன் பின்னால் நாலு ஆங்கில எழுத்தும் வந்து நின்றன.

குனிந்து விசைப்பலகையில் அந்த விசைகளைத் தேடினாள்.

“அரைப்புள்ளியில ஆரம்பிக்கிற பேரு எந்த ஊர்ல இருக்கு? நான் தமிழ்ல அடிக்கிறேன், இது இங்கிலீஷ்ல வாங்குதுண்ணா.”

ஏற்றும்போது தமிழில் இருந்த விசைப்பலகை, கடவுச்சொல் கேட்கும் வாசலில் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. புள்ளிக்கு மொழி கிடையாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. திரையின் மூலையில் மொழியைக் காட்டும் சின்னக் குறி இருந்தது. பெயரை ஆங்கிலத்தில் சரியாகப் போட்டுவிட்டு, அந்தக் குறியை அழுத்தித் தமிழுக்கு மாற்றினாள். இரட்டைக் கொம்போடு கடவுச்சொல்லை அடித்தாள். திறந்தது.

முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டார். ஒரு பல் மருத்துவர் முத்திரைக்கு எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்து அவள் முன் வைத்தார். நோண்டி அடித்து, அச்செடுத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அச்சின் அடியில் ‘எழுத்து சரிபார்த்தவர்’ என்று ஒரு கோடு இருந்தது. ஊரார் பெயரையெல்லாம் ரப்பரில் வெட்டிய என் தங்கை, அந்தக் கடையின் எந்தத் தாளிலும் தன் பெயரை எழுதியதில்லை.

“மேசைக்காரங்கதான் அதுல கையெழுத்துப் போடணும்,” என்றார் முதலாளி. “நோண்டின்னு போட்டுடாதே. முழுப் பேரு.”

போட்டாள். பக்கத்தில் தேதியும் எழுதினாள்: 2019 மார்ச் 11, திங்கட்கிழமை.