லோர்னா காட்டிய படம்

அந்த விதியைப் போட்டதே லோர்னா ஹெய்க்கினென்தான். 'காக்கைக் கோட்டை' வரிசையில் புது வீடியோ கேம் வந்தால், அதை முடித்துவிட்டுக் கடைசித் திரையைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாதவர் எங்கள் மேஜையில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பாதி விளையாடிவிட்டு முழுசும் தெரிந்தமாதிரி அளப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயில் சனிக்கிழமை பத்து மணிக்கு டோனட் கடையில் கூடும் நாங்கள் ஐந்தாறு பேர் பதினேழு வருஷமாக இதற்குக் கட்டுப்பட்டு வந்தோம்.

லோர்னாவுக்கு அறுபத்தொரு வயது. சூப்பர்மார்க்கெட்டில் பிறந்தநாள் கேக்குகளின் மேல் பெயர் எழுதும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ரொட்டி வெட்டும் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிரீம் வாடை அலுத்துவிட்டது என்றாள். வாராவாரம் அவளைக் காரில் கூட்டிப்போகிற நானும் அதை அப்படியே நம்பினேன். எனக்கெல்லாம் கண் எதற்கு?

நவம்பரில் கோட்டையின் ஆறாம் பாகம் வந்தது. எதிரிகளை மெதுவாக்கிக்கொள்ளும் வசதியை முதன்முறையாக அதில் வைத்திருந்தார்கள். இனி எல்லோரும் விளையாடலாம் என்று ஒரு கட்சி, கோட்டையின் மானம் போச்சு என்று ஒரு கட்சி. அந்த வசதியைப் பயன்படுத்தி முடித்தவர்களுக்குக் கடைசித் திரையின் மூலையில் ஒரு வெள்ளை இறகு வரும். சண்டைக்கு அது போதாதா?

"இறகு வாங்கினவன் கோட்டையைச் சுத்திப் பாத்தான், அவ்வளவுதான். முடிக்கல. அவனுக்கு இங்க பேச்சு கிடையாது," என்றான் ட்வெய்ன் பெட்ரிஷின். ஊரில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கேம் முடியும் இடமான கடைசிக் கோபுரம் ஒன்றுதான் உருப்படி, மிச்சமெல்லாம் குப்பை என்று மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

மூன்று வாரமும் லோர்னா, இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருந்தாள். நாலாவது சனிக்கிழமை, கடை வாசலில் கார் நின்றதும் வலது கையுறையைக் கழற்றினாள். கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"பார்க்கின்சன். டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள். "இறகோடதான் முடிச்சேன், வார்ட்."

"ட்வெய்ன் கத்துவான். கத்திட்டுப் போகட்டும்," என்றேன்.

"கத்தினா பரவாயில்லையே. கத்தமாட்டான். வேலையில மேனேஜர்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அன்னிக்கிலேர்ந்து நான் எதைச் சொன்னாலும் அந்தாள் தலையாட்டுறான். என்கூட சண்டை போட இந்த மேஜையை விட்டா வேற யார் இருக்கா?"

கோழைக்கு வரும் யோசனைதான் எனக்கு வந்தது. என் படத்தில் இறகு இல்லை. அதை அவள் போனுக்கு அனுப்பினேன். "இதைக் காட்டு. யாருக்குத் தெரியப்போகுது?" அவள் மறுக்கவில்லை. கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போன் கை மாறி மாறிப் போய் ட்வெய்னிடம் நின்றது. அவன் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பாத்துக்குங்க, அறுபத்தொரு வயசு. இறகு இல்ல," என்றவன் கர்ட்டிஸ் பக்கம் திரும்பினான். கர்ட்டிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் கைக்குழந்தை. கிடைக்கிற அரை மணியில் விளையாடி இறகோடு முடித்தவன். "உனக்கு என்னய்யா கேடு? லோர்னாவால முடியுது, உன்னால முடியலையா?"

கர்ட்டிஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். என் படம் செய்த வேலை அது. நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"உக்காரு, கர்ட்டிஸ்," என்றாள் லோர்னா. "அது வார்டோட படம். என்னோடதுல இறகு இருக்கு."

கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை மேஜை மேல் வைத்தாள். விவரத்தை இரண்டே வார்த்தையில் சொன்னாள்.

"விதி நான் போட்டது, நானே எடுத்துடறேன். இப்போ கேளுங்க. அந்தக் கடைசிக் கோபுரம் படு மோசம். அவசரத்துல கட்டி முடிச்சு நம்ம தலையில போட்டிருக்காங்க."

ட்வெய்ன் பாய்வான் என்று காத்திருந்தேன். பாயேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். லோர்னாவும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான்.

"ஆமா, லோர்னா," என்றான் மெதுவாக. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினேழு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் 'சரி' அது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்தேகால்கூட ஆகியிருக்கவில்லை.

"கிளம்பலாமா, வார்ட்?" என்றாள்.